நான்கு விரல் இடைவெளி

தான் கட்டிய சுவரைத் தானே உடைக்கப் போவது யாருக்கும் உற்சாகமான வேலை இல்லை. வியாழக்கிழமை காலை, அந்தப் பழைய மாடிக் கட்டடத்தின் வாசலில் சாமான்களை இறக்கும்போது காதுக்காரர் வழக்கமான தமாஷ் ஒன்றும் பேசவில்லை.

காதுக்காரர் என்பது தொழில் வட்டாரம் வைத்த பெயர். வீடுகளிலும் ஆபீசுகளிலும் ஓர் அறையின் சத்தம் அடுத்த அறைக்குப் போகாதபடி தடுப்புச் சுவர் அமைப்பது அவர் வேலை. மீட்டர் வைத்து அளக்கிறவர்கள் அளந்துகொள்ளட்டும், இவர் வேலை முடிந்ததும் சுவரில் காதை வைப்பார். அவர் சரி என்றால் சரி. அவர் மனைவியும் கூடவே வேலை செய்பவள். சட்டம் நிறுத்துவதும் ஜிப்சம் பலகை அடிப்பதும் இவர், விளிம்புகளில் சீலண்ட் பசை இழுத்து அடைப்பது அவள். அவள் அடைத்த இடத்தில் எறும்புகூட நுழைய முடியாது. அவள் பேச ஆரம்பித்தாலும் அப்படித்தான், நடுவில் நுழைய வழியிருக்காது.

முதல் மாடியில் மனநல ஆலோசனை மையம். ஆறு வருடத்துக்கு முன் ஒரே கூடமாக இருந்ததை இரண்டாகத் தடுத்துக் கொடுத்தவர் காதுக்காரர்தான். உள்ளே டாக்டரம்மாவின் அறை. வெளியே காத்திருப்பவர்களுக்கான நாற்காலிகள்.

டாக்டரம்மா கோபப்படாமல் விஷயத்தைச் சொன்னார். அதுதான் காதுக்காரரை அதிகம் உறுத்தியது. மூன்று மாதத்துக்கு முன் ஒரு பெண் உள்ளே உட்கார்ந்து ரகசியமாக ஏதோ சொல்லியிருக்கிறாள். அவள் புருஷனின் சொந்தக்காரர் ஒருவர் தற்செயலாக வெளியே உட்கார்ந்திருக்கிறார். கடைசி நாற்காலி. ஒரு வார்த்தை விடாமல் காதில் வாங்கிக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெண் வரவே இல்லை.

"திங்கட்கிழமை புதுசா ஒரு பொண்ணு வருது அண்ணே. வாயே திறக்க மாட்டேங்குது. வெளியில ஒரு சொல் போகாதுன்னு நான் சத்தியம் பண்ணியிருக்கேன்."

காதுக்காரர் தலையை ஆட்டினார். அவர் கண் மட்டும் கடைசி நாற்காலிக்கு மேலே இருந்த சுவிட்சுக்குப் போய்விட்டுத் திரும்பியது.

மனைவி சீலண்ட் குழாய்களை எடுக்கக் கீழே இறங்கிய நேரம் பார்த்து, அந்த இடத்துப் பலகையை முதலில் பெயர்த்தார். அவர் நினைத்தது சரிதான். உள் அறைக்கு ஒரு சுவிட்ச் பெட்டி, வெளிப் பக்கத்துக்கு ஒரு சுவிட்ச் பெட்டி, இரண்டும் முதுகோடு முதுகாக. நடுவில் தகரம் கூட ஒழுங்காக இல்லை. தொழில் தெரிந்த எவனும் அப்படி வைக்க மாட்டான். ஒரு பெட்டியை ஒரு முழமாவது தள்ளி வைக்க வேண்டும், இல்லையென்றால் சுவரில் ஜன்னலைத் திறந்து வைத்த மாதிரிதான். ஆறு வருடத்துக்கு முன் கடைசி நாள், அடுத்த வேலைக்குப் போகிற அவசரம். எலக்ட்ரீஷியன் "இங்கேயே வெச்சிடவா?" என்று கேட்டான், இவர் "வெய்யி" என்றார். அரை மணி நேரம் மிச்சமானது.

இரண்டு பெட்டிகளையும் பிடுங்கிக் குப்பைச் சாக்கின் அடியில் செருகி, மேலே உடைந்த பலகைகளைப் போட்டு மூடினார். மனைவி மேலே வந்தபோது சீட்டியடித்துக்கொண்டிருந்தார்.

குற்றம் உள்ளவன் வேலையில் ஒரு வேகம் இருக்கும். புதுச் சுவரை அவர் கட்டியது போல் அந்த ஊரில் யாரும் கட்டியிருக்க முடியாது. ஒரு சட்டத்துக்குப் பதில் இரண்டு. நடுவே நான்கு விரல் இடைவெளி. இரண்டு சட்டத்தையும் சேர்த்துத் தொடுவது எதுவுமே உள்ளே இருக்கக் கூடாது, ஒரு ஸ்க்ரூ குறுக்கே விழுந்து கிடந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு சத்தம் இந்தப் பக்கம் ஏறிவிடும். சட்டங்களுக்குள் சத்தத்தைக் குடிக்கும் ராக்வுல் பஞ்சு. இரண்டு பக்கமும் இரட்டைப் பலகை. சுவிட்சையெல்லாம் வேறு சுவருக்கு மாற்றினார். விளிம்பு முழுக்க மனைவி பசை இழுத்தாள்.

சனிக்கிழமை மதியம் வேலை முடிந்தது. மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒன்றிலிருந்து நூறு வரை உரக்க எண்ண வேண்டும், அதுதான் அவர்கள் வழக்கம். இவர் வெளியே நின்று சுவரில் காதை வைத்தார். புதுப் பலகையின் சுண்ணாம்பு வாசனை, பசையின் புளித்த நெடி. தெருவில் ஏதோ வண்டி போனது. பிறகு அதுவும் இல்லை.

சுவர் செத்துக் கிடந்தது. அவருக்குத் தன் காதுக்குள் ரத்தம் ஓடுவதுதான் கேட்டது. நிம்மதியாக மூச்சு விட்டார். ஒவ்வோர் அடியாகக் காதை நகர்த்திக்கொண்டே வந்து, கடைசி நாற்காலி இருந்த இடத்தில் குனிந்தார்.

"சனிக்கிழமை காலையில போயிடுவேன் டாக்டர். பொண்ணையும் கூட்டிட்டு."

அவர் காதை எடுத்தார்.

மறுபடி வைத்தார்.

"அவருக்குத் தெரியாது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

பெண் குரல். மெதுவான, சின்னக் குரல். அவர் மனைவி பேசினால் தெருமுனை வரை கேட்கும், இது அவள் இல்லை. அதைவிட அவரைக் கலக்கியது வேறு. இருபது வருடமாகச் சுவர் வழியாகப் பேச்சைக் கேட்டவர் அவர். எந்தச் சுவரும் பேச்சை முழுசாக விடாது. அடித்தொண்டை வரும், மெல்லிய எழுத்துக்கள் வழியிலேயே உதிர்ந்துவிடும். இந்தக் குரல் எச்சில் விழுங்கும் சத்தம் வரை அப்படியே வந்தது.

பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். ஏதோ ஒரு ஸ்க்ரூ விழுந்திருக்கும், பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு, இரண்டடி தள்ளிக் காதை வைத்தார்.

குரல் அங்கே இருந்தது.

மூன்றடி தள்ளினார். அங்கேயும். முதலில் வைத்த இடத்துக்குத் திரும்பினார், அங்கே இப்போது ஒன்றுமில்லை என்று தோன்றிய மறுகணம் உள்ளே ஏதோ அவசரமாக நகர்ந்து வந்தது. சுவரில் ஓட்டை இருந்தால் அது ஓரிடத்தில் இருக்கும். இது அவருடைய காது போகிற இடத்துக்கெல்லாம் வந்தது.

பயம் வந்தாலும் கை தொழிலைத்தான் தேடும். ரம்பத்தை எடுத்து உள்ளங்கை அளவு பலகையை அறுத்தார். இரட்டைப் பலகை, அதற்குப் பின் பஞ்சு. முந்தின நாள்தான் அவர் உதறி வைத்த பஞ்சு அமுங்கித் தட்டையாக இருந்தது. அதைத் தொட்டார். சூடாக இருந்தது. பஞ்சை ஒதுக்கி இடைவெளிக்குள் விரல்களை விட்டார்.

உள்ளேயிருந்து விரல் நுனியில் மூச்சு பட்டது.

கையை இழுத்துக்கொண்டார். அறுத்த துண்டைத் திருப்பி வைத்து, பசை அப்பி, ஸ்க்ரூ முடுக்கி, பட்டி பூசினார். மனைவி கதவைத் திறந்துகொண்டு வந்து, ஓட்டையா என்று கேட்டாள். ஒரு ஸ்க்ரூ விழுந்திருந்தது, எடுத்துவிட்டேன் என்றார். உள்ளே என்ன சொல்லிக்கொண்டிருந்தாய் என்று கேட்டதற்கு, நூறு வரைக்கும் எண்ணினேன், வேறென்ன பாட்டா பாடுவேன் என்றாள்.

நாலு மணிக்கு டாக்டரம்மா வந்தார். இவரையும் இவர் மனைவியையும் உள்ளே பேசச் சொல்லிவிட்டு வெளியே நின்று பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்தவர் கண்ணில் தண்ணீர் நின்றது. மனைவி சாமான்களைக் கட்டப் போனதும், காதுக்காரர் சும்மா கேட்பது போல, அந்த ரகசியம் சொன்ன பெண் அப்புறம் வரவே இல்லையா என்று கேட்டார்.

"இறந்துட்டாங்க அண்ணே. ஒரு சனிக்கிழமை காலையில. மாடிப்படியில விழுந்துட்டாங்கன்னு வீட்டுல சொல்றாங்க. போன மாசம்தான் எனக்கே தெரியும்." டாக்டரம்மா சுவரைத் தடவிக்கொண்டே நின்றார். "நான்தான் அவங்களைச் சத்தமா பேச விட்டுட்டேனோன்னு தினமும் தோணுது. எந்த வழியா அண்ணே வெளியில போயிருக்கும்?"

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. காதுக்காரருக்கு அது தெரிந்தது. நாக்கு நுனி வரை வந்ததும் தெரிந்தது. அதோடு, இந்த விஷயம் வெளியே போனால் இருபது வருடப் பெயர் ஒரே நாளில் போய்விடும் என்பதும் தெரிந்தது.

"கதவு இடுக்கு வழியா போயிருக்கும் டாக்டரம்மா. நீங்க சரியா சாத்தியிருக்க மாட்டீங்க."

சுவருக்குள் துணி உரசியது. உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து நிற்கும்போது கேட்குமே, அந்தச் சத்தம். டாக்டரம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

அவருக்கு மட்டும்தான் கேட்டது.

ஞாயிறு மதியம்வரை அவர் பொறுத்தார். சோறு இறங்கவில்லை, சாய்ந்து உட்கார முடியவில்லை, எந்தச் சுவருக்கும் முதுகைக் காட்ட மனம் வரவில்லை. கடைசியில் மனைவியைப் படுக்கையறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அடுத்த வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் பொதுவான சுவருக்கு அவரே தடுப்புப் போட்ட அறை அது. அங்கே பேசியது இதுவரை வெளியே போனதில்லை. எல்லாவற்றையும் கிசுகிசுப்பாகச் சொன்னார். பெட்டிகள், சாக்கு, குரல், டாக்டரம்மா தலையில் பழியைப் போட்டது.

மனைவி ரொம்ப நேரம் பேசவில்லை. அவள் பேசாமலிருந்து அவர் பார்த்ததே இல்லை. பிறகு, அந்த டாக்டர் ஆயுசு முழுக்க தன்னையே குத்திக்கிட்டு இருப்பாங்க, போய்ச் சொல்லிடுங்க என்றாள்.

"சொன்னா அப்புறம் நம்மள யாரு கூப்பிடுவா? யார்கிட்டயும் சொல்லிடாதே."

சொன்ன பிறகுதான், அந்த வார்த்தைகளை முன்பு எங்கே கேட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. மனைவி எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவரோடு பேசாமலே தூங்கினாள், விடிந்ததும் பேசாமலே கடைக்குக் கிளம்பினாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். அடுத்த வீட்டு அம்மா வாசலில் வந்து நின்றார். நல்ல மனுஷி, வம்பு பேசத் தெரியாதவர். சொல்லலாமா வேண்டாமா என்று முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. நீங்க பேசறது எங்க வீட்டுல கேக்குது."

கேட்காது என்றார் காதுக்காரர். தன் வேலையைப் பற்றிப் பேசும்போது வரும் அந்தப் பழைய மிடுக்கோடுதான் சொன்னார்.

"உங்க குரல் கேக்கல. ஒரு பொண்ணு சொல்றா. நேத்து மத்தியானத்துல இருந்து எங்க சுவத்தோரம் உக்காந்து சொல்லிட்டே இருக்கற மாதிரி. ஏதோ சுவிட்ச் பெட்டியாம், சாக்குல மறைச்சு வெச்சீங்களாம், பாவம் டாக்டர் மேல பழி போட்டுட்டீங்களாம்." அவர் கையிலிருந்த துண்டுக் காகிதத்தை நீட்டினார். "இப்ப ஒரு போன் நம்பரைத் திரும்பத் திரும்பச் சொல்றா. அவசரம் போலிருக்குன்னு எழுதிட்டேன். அந்தப் பொண்ணு யாரு, உங்க சொந்தமா?"

அது டாக்டரம்மாவின் நம்பர். காதுக்காரர் காகிதத்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சொந்தம்தான், உடம்பு சரியில்லை என்று ஏதோ உளறி அந்த அம்மாவை அனுப்பி வைத்தார். அந்த அம்மா கூப்பிடுவதற்குள் தான் டாக்டரம்மாவிடம் முந்திக்கொள்ள வேண்டும். அடுத்த வீட்டில் ஒரு பெரியம்மா, வயதாகிவிட்டது, கன்னாபின்னாவென்று ஏதாவது சொல்வார், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வாக்கியத்தை மனதுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். வாசலில் நின்றபடியே போன் போட்டார்.

மணி அடித்தது. எடுத்தார்கள்.

"சொல்லுங்க அண்ணே."

எச்சில் விழுங்கினார். வாயைத் திறக்கக்கூட இல்லை.

மறுமுனையில் டாக்டரம்மா சட்டென்று அமைதியானார். பிறகு நாற்காலி இழுபடும் சத்தமும், ஒரு கதவு இறுகச் சாத்தும் சத்தமும் கேட்டன.

"அண்ணே," என்றார் டாக்டரம்மா, குரல் நடுங்க. "உங்க பக்கத்துல யாரு பேசறது?"

காதுக்காரர் சுற்றிப் பார்த்தார். வாசல் காலி. தெரு காலி. போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். ஒன்றுமே இல்லை.

"ம்," என்றார் டாக்டரம்மா. அது இவருக்குச் சொன்னதில்லை. "ம்… எந்தப் பெட்டி? … ம்."

போனை வைத்துவிட நினைத்தார். விரல் அசையவில்லை. டாக்டரம்மா அழுகையை அடக்கிக்கொண்டு, தன் அறையில் தன் முன்னால் உட்காருகிறவர்களிடம் பேசும் அந்தத் தணிந்த குரலில் சொன்னார்:

"மெதுவா சொல்லுங்கம்மா. கதவைச் சாத்திட்டேன். இப்ப வெளியில யாருக்கும் கேக்காது."

அதற்குப் பிறகு டாக்டரம்மா பேசவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். கால் மணி நேரம் காதுக்காரர் போனைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். அவருடைய காதில் ஒரு சொல் கூட விழவில்லை.