மாவீரர் 14/2

கடுகுக்கு வயது பதினொன்று. அந்தச் செல்லப் பெயரை வைத்தது யார் என்று வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. கோபம் வந்தால் சூடான எண்ணெயில் விழுந்ததுபோல் படபடவென்று வெடிப்பாள், அதனால் வந்த பெயர். மற்றபடி தங்கமான பெண்.

‘பனித்தீவுகள்’ என்று ஒரு வீடியோ கேம். அதன் மூன்று பாகங்களையும் கடுகு கரைத்துக் குடித்திருந்தாள். மூன்றாம் பாகத்தின் முடிவில், அதுவரை கூடவே வந்த சாம்பல் நிறக் குட்டி நரி பனிமூட்டத்துக்குள் ஓடி மறைந்துவிட்டது. திரும்பி வரவே இல்லை. அன்று கடுகு சாப்பிடவில்லை. நான்காம் பாகம் வர இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடமும் நரி உயிரோடு இருக்கிறதா என்ற கவலை அவளை விடவில்லை.

நான்காம் பாகம் தபாலில் வந்தது. அந்தத் தெருவுக்குத் தபால்காரர் அவளுடைய அப்பாதான். பார்சல் முந்தின நாளே தபால் நிலையத்துக்கு வந்துவிட்டது, ஆனால் அப்பா மூச்சுவிடவில்லை. மறுநாள் முறைப்படி 12-ஆம் எண் வீட்டுக்குக் கொடுத்து, 14/1-க்குக் கொடுத்து, பிறகு தன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நின்று மணியடித்தார்.

“14/2, பார்சல். கையெழுத்துப் போடணும்.”

கடுகு மாடியிலிருந்து பறந்து வந்தாள். கடைசி நான்கு படிகளில் நிஜமாகவே பறந்தாள். கையெழுத்தை இடது கையால்தான் போட முடிந்தது. வலது மணிக்கட்டில் மூன்று வாரத்துக்கு மாவுக்கட்டு.

அப்பாவுக்கு மனசே ஆறவில்லை. மணியடித்தது நான்தானே என்று இரண்டு நாள் புலம்பினார். பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் அம்மா அதற்கு ஒரு வழி சொன்னாள்.

“புலம்பினது போதும். அவளுக்குக் கை இல்லை, உங்களுக்கு ரெண்டு இருக்கு. உட்கார்ந்து விளையாடுங்க.”

அப்பா அதுவரை எந்த வீடியோ கேமையும் தொட்டதில்லை. ஆனால் வேலை முடிந்து மூன்று மணிக்கு வந்ததும் முகம் கழுவி, கன்ட்ரோலரைத் தட்டுப்போல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விளையாட்டு முதலில் வீரரின் பெயரைக் கேட்டது. அப்பா முகவரியிலிருந்து ஆரம்பித்தார். கதவு எண்ணை அடித்ததும் கைதவறி ‘சரி’ என்பதை அமுக்கிவிட்டார். திரையில் அரசர் எழுந்து நின்று சொன்னார்: “வருக, மாவீரர் 14/2.”

கடுகு சுவரைப் பார்த்துக்கொண்டு பத்து வரை எண்ணினாள்.

அவளுக்கு அவசரம் இருந்தது. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அதுவரை யாரும் முடிவைச் சொல்லக்கூடாது என்று வகுப்பில் ஒப்பந்தம். திங்கள் இடைவேளை மணி அடித்ததும் யார் வேண்டுமானாலும் பேசலாம். முதலில் பேசப்போவது அவள் தோழி நெட்டைதான், சந்தேகமே இல்லை. இரண்டு வருடம் காத்திருந்துவிட்டு, நரி என்ன ஆனதென்று நெட்டையின் வாயால் கேட்க வேண்டுமா? ஞாயிறு சாயங்காலத்துக்குள் முடித்தாக வேண்டும்.

அப்பாவோ ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிவிட்டு நின்றார். வெளியே வரும்போது மறக்காமல் சாத்தினார். உள்ளே இருக்கும் பானைகளை உடைத்தால்தான் மந்திரக் கல் கிடைக்கும் என்று கடுகு விளக்கினாள். ஊரான் வீட்டுப் பானையை உடைக்க எப்படி மனசு வரும் என்று அப்பா திருப்பிக் கேட்டார். அதனால் மந்திரக் கல்லே இல்லாமல், வெறும் கம்போடு மாவீரர் 14/2 காட்டைக் கடந்தார். குன்றைச் சுற்றிப் போனதும் கடல் திடீரென்று விரிந்தபோது மட்டும் அப்பா, “அடேயப்பா” என்று சொல்லிவிட்டு, நடக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடுகும் அவரை அவசரப்படுத்தவில்லை. முதல் பாகத்தில் அவளும் இதே மாதிரி நின்றவள்தான்.

வெள்ளிக்கிழமைதான் வம்பு வந்தது. கரையில் ஒரு படகோட்டி, கலங்கரை விளக்கத்தில் இருக்கும் தன் அக்காவுக்கு என்று சொல்லி, அரக்கு முத்திரை வைத்த கடிதம் ஒன்றைக் கொடுத்தான். திரையில் இரண்டு வழிகள் தெரிந்தன: ‘பிரி’, ‘பையில் வை’. நரியைத் தேடிப் போக வேண்டிய பனிமலைக்கான சுரங்கவழி அந்தக் கடிதத்துக்குள்தான் இருக்கிறது, பிரித்தால் வேலை சுலபம் என்று நெட்டை ஏற்கெனவே போனில் உளறியிருந்தாள்.

“பிரிங்கப்பா.”

“நம்ம பேருக்கா வந்திருக்கு?”

கலங்கரை விளக்கம் வரைபடத்தின் மறுகோடியில் இருந்தது. அங்கே போனால் மலைக்கு நேரமே இருக்காது. கடுகு வெடித்தாள். எல்லாரும் பிரிக்கிறார்கள், நீங்கள் மட்டும்தான் இப்படி, உங்களால்தான் கையும் போச்சு என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினாள்.

“இது வெறும் விளையாட்டுப்பா. அந்த அக்கா நிஜமில்ல.”

“தெரியும் கண்ணு. ஆனா அமுக்குற கை நிஜமா என்னோடதுதானே. இருபத்திரண்டு வருஷமா பிரிக்காத கை. வர மாட்டேங்குது.” அப்பா கன்ட்ரோலரை அவள் மடியில் வைத்தார். “ஒரு பொத்தான்தான். உன் இடது கை போதும். நான் சமையலறையில இருக்கேன், கோபமெல்லாம் இல்ல.”

அவர் போய்விட்டார். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

கடுகு இடது கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்தாள். அமுக்கினால் போதும், நரி பக்கத்தில்தான். அப்போது மேசையில் கிடந்த பார்சல் பெட்டி கண்ணில் பட்டது. மேலே அவள் பெயர். அதற்குள் என்ன இருக்கிறதென்று அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒரு ராத்திரி முழுக்க ஒரு வார்த்தை சொல்லாமல், ஒட்டிய டேப் ஒட்டியபடி கொண்டுவந்து தந்தார். அந்த டேப்பைக் கிழித்தபோது எவ்வளவு சந்தோஷம், கை அவ்வளவு வலித்தும்கூட.

கலங்கரை விளக்கத்து அக்காவும் காத்துக்கொண்டுதானே இருப்பாள்.

கட்டைவிரல் நகர்ந்து ‘பையில் வை’ என்பதை அமுக்கியது.

“அப்பா,” என்று கூப்பிட்டாள். “கலங்கரை விளக்கத்துக்கு எந்தப் பக்கமா போனா சீக்கிரம் போகலாம்? கை போனதுக்கு நீங்க காரணமில்ல. நான்தான் ஓடினேன்.”

அப்பா ஈரக் கையோடு ஓடிவந்தார். வரைபடத்தை ஒரு நிமிடம் பார்த்தார். அது அவருக்குப் பழகின வேலை. பழைய உறை ஒன்றின் பின்னால் தீவுகளை வரிசைப்படுத்தினார். காற்று இந்தப் பக்கம் அடிக்கிறது, முதலில் ஆமைத்தீவு, பிறகு உப்புத்தீவு, வந்த வழியே திரும்பவே கூடாது என்றார். கடுகு திமிங்கலம் வரும் இடங்களைச் சொன்னாள். அப்பா படகை வளைத்தார். இரண்டு முறை மூழ்கினார்கள், இரண்டு முறையும் சிரித்தார்கள்.

ஞாயிறு ஆறு மணிக்குக் கலங்கரை விளக்கத்தின் கதவு தெரிந்தது. அப்பா வழக்கம்போல் தட்டிவிட்டு நின்றார்.

நரைத்த பின்னலோடு ஒருத்தி வந்தாள். கடிதத்தை வாங்கி, அரக்கு முத்திரையைத் தடவிப் பார்த்தாள். திரையில் எழுத்துகள் மெதுவாக வந்தன: “எத்தனையோ வீரர்கள் இந்தக் கடலைக் கடந்தார்கள். முத்திரை உடையாமல் கொண்டுவந்தவர் நீர் ஒருவரே. நன்றி, 14/2.”

அப்பா மூக்கை உறிஞ்சினார். ஜலதோஷம் என்றார்.

அவள் கடிதத்தைப் படித்துவிட்டு, மேலே ஏறிப் பெரிய விளக்கை ஏற்றினாள். வெளிச்சம் கடல்மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. பனிமூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. கீழே பாறைப்படிகளில், விளக்கு எப்போது எரியும் என்று பார்த்துக்கொண்டு, வாலைச் சுருட்டி உட்கார்ந்திருந்தது சாம்பல் நிறக் குட்டி நரி.

கடுகு மாவுக்கட்டு போட்ட கையாலேயே அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

“யாருமே பிரிக்காம விட மாட்டாங்கன்னு தெரிஞ்சும், இதை உள்ள வச்சிருக்காங்க பாருங்கப்பா,” என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. “ஒருத்தர் வருவாருன்னு நினைச்சிருக்காங்க. எனக்கு இந்த கேம் பிடிக்கிறதே இதனாலதான்.”

அப்பா யோசித்தார். “இதைச் செஞ்சவங்க வீட்லயும் யாரோ தபால்காரர் இருக்கணும்,” என்றார்.

மறுநாள் இடைவேளை மணி அடித்ததும் நெட்டை ஆரம்பித்தாள். பனிமலை உச்சியில் நரியின் கால்தடம் மட்டும்தான் இருக்கிறது, நரி வராது என்று சோகமாகச் சொன்னாள். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். கடுகு பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, “கடிதத்தைப் பிரிச்சீங்களா?” என்றாள்.

அன்று அப்பா மூன்று மணிக்கு வரவில்லை. நான்கே காலுக்குத்தான் வியர்க்க விறுவிறுக்கப் படியேறினார். முதல் நாள் என்பதால் அரைநாளோடு பள்ளி விட்டு வந்த கடுகின் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேர் ஏழு வாசலில் அவரை நிறுத்திவிட்டார்களாம்.

“நெட்டைக்கு ஆமைத்தீவு வழி, அந்த மூலை வீட்டுப் பையனுக்கு உப்புத்தீவு வழி, எல்லாம் உறையில எழுதிக் குடுத்துட்டேன்,” என்றார் பையைக் கழற்றியபடி. “பானையை மட்டும் யாரும் உடைக்கக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லியிருக்கேன்.”

பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, கன்ட்ரோலரை இரண்டு கையாலும் ஏந்தி, நரிக்குப் பக்கத்தில் இறங்கினார்.