ஆறாவது ஆள்

கப்பல் ஊதினால் பாடமே கேட்காது. ஸல்ஹாவின் பள்ளிக்கூடம் திருகோணமலைத் துறைமுகத்துக்கு அவ்வளவு கிட்ட. ஆனால் அந்தக் கப்பல் சத்தத்தையும் மிஞ்சிக் கேட்கும், குணேஸ்வரியின் குரல்.

“ஏய் தேயிலைக் கொழுந்து! உங்கட மலைக்கே போ!”

அவள் விரட்டியது புஷ்பவதியை. போன வருடக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து வீடு எரிந்துபோக, அம்மா அப்பாவோடு பாலையூற்றுக்கு வந்து குடியேறிய பிள்ளை அவள். ஐந்தாம் வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதமாகியும், அவளுடைய நீள வாங்குப் பலகையில் அவள் மட்டுந்தான் இருந்தாள்.

அவள் “ஆமாங்க ரீச்சர்” என்றால் போதும், ரபீக்கா அதைப் போலவே இழுத்துச் சொல்லிக் காட்டுவாள். வகுப்பே சிரிக்கும். ஸல்ஹாவும் ஒருநாள் சிரித்தவள்தான். புஷ்பவதி திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அதற்குப் பிறகு ஸல்ஹா சிரிக்கவில்லை. ஆனால் வாய் திறந்து எதுவும் சொல்லவும் இல்லை.

ஒரு புதன்கிழமை, தண்ணீர்க் குழாயடியில் புஷ்பவதி ஸல்ஹாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

“வெள்ளிக்கிழமையோட நான் பள்ளிக்கூடத்த விட்டு நின்னுக்கிறேன். அம்மாகிட்ட சொல்லிட்டேன்.”

“ஏன்? உனக்குப் படிக்க விருப்பமில்லையா?”

“படிக்க விருப்பந்தான். இங்க இருக்கத்தான் முடியல.”

பாலையூற்றுப் பிள்ளைகள் மூன்று பேர் ஏற்கெனவே இப்படி நின்றுவிட்டார்கள். அதனால் அன்று பின்னேரமே பள்ளி அதிபர் கனகரத்தினம் பெற்றோரைக் கூப்பிட்டுக் கூட்டம் வைத்தார். எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தவள் ஸல்ஹா. பெரியவர்கள் இரண்டு மணித்தியாலம் கதைத்தார்கள். மூன்று தரம் தேத்தண்ணி முடிந்தது. கதை மட்டும் முடியவில்லை.

கடைசியில் ஸல்ஹாவின் வாப்பா ஹிஸ்புல்லா எழும்பினார்.

“சேர், நாங்க கதைச்சு என்ன பிரயோசனம்? பிள்ளையளை ஒண்டா இருத்திச் சாப்பாடு குடுப்பம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிய, இங்கயே சகன் வைப்பம்.”

“ஓம், நல்ல யோசனை” என்ற அதிபர், அடுத்த நிமிடம் நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஐயோ, வெள்ளிக்கிழமை எங்கட பிள்ளையள் மச்சம் சாப்பிடாதுகள்!”

“அதுக்கென்ன சேர், இறைச்சியைத் தனிக் கோப்பையில வைப்பம்.”

கோயிலடிப் பெண்கள் கத்தரிக்காயும் பருப்பும் சமைத்துத் தருவதாகச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. மண்டபம் முழுக்கப் பாய். பாயின் மேல் சகன்கள். சகன் என்றால் பெரிய வட்டத் தட்டு. நடுவில் நெய்ச்சோறு, மேலே ஓலையில் இழைத்த மூடி. அதைச் சுற்றி ஆறு பேர் இருந்து, தங்கள் தங்கள் பக்கத்துச் சோற்றைச் சாப்பிட வேண்டும். ஆறு பேரும் வந்து இருந்த பிறகுதான் மூடியைத் திறப்பார்கள்.

பெரியவர்கள் போட்ட திட்டம் நல்லதுதான். ஆனால் ஒன்றை மறந்துவிட்டார்கள். பிள்ளைகள் அவரவர் கூட்டாளிகளோடுதான் ஓடிப்போய் இருப்பார்கள்!

ஸல்ஹா, ரபீக்கா, குணேஸ்வரி, இன்னும் இரண்டு பேர் ஒரு சகனில். மற்றச் சகன்கள் எல்லாம் நிறைந்துவிட்டன. புஷ்பவதி மட்டும் கதவோரத்தில் புத்தகப் பையோடு நின்றாள்.

நெய் வாசம் மூக்கைத் துளைத்தது. ரபீக்கா மூடியில் கை வைத்தாள். ஸல்ஹா அதை அமத்திப் பிடித்தாள்.

“ஆறாவது ஆள் வராமத் திறக்க ஏலாது.”

“அஞ்சு பேர் காணுந்தானே!”

“உங்கட வீட்டுக் கல்யாணத்தில அஞ்சு பேரோட திறந்தீங்களா?”

ரபீக்கா தலையைச் சொறிந்தாள். “இல்லதான். அப்ப யாரையாவது கெதியாக் கூப்பிடு!”

எல்லாரும் மண்டபத்தைப் பார்த்தார்கள். பார்வை எல்லாம் கதவில் போய் நின்றது. அந்த நேரம் பார்த்துக் குணேஸ்வரியின் வயிறு ‘கொர்ர்’ என்றது.

“ஸல்ஹா, நீயே அவளைக் கூப்பிடன்” என்றாள் குணேஸ்வரி.

“நான் கூப்பிட்டா வரமாட்டாள். போ எண்டு சொன்னது நீதானே? நீதான் வா எண்டு சொல்ல வேணும்.”

“நானோ?”

“ஓம். சொல்லும் மட்டும் நான் மூடியை விடமாட்டன்.”

குணேஸ்வரி எழும்பினாள். கதவு பத்து அடி தூரந்தான். அன்றைக்கு அது தூரத்துத் தம்பலகாமம் வரைக்கும் நீண்டது போல இருந்தது அவளுக்கு.

“எங்கட சகனில ஒரு ஆள் குறையுது. வாவன்.”

“நான் போக வேண்டியவதானே?” என்றாள் புஷ்பவதி. அவள் கண் கலங்கியிருந்தது.

குணேஸ்வரி காலால் நிலத்தைக் கீறினாள். “நான் சொன்னது பிழை. இனிச் சொல்லமாட்டன். வா, எங்களோட வந்து இரு.”

புஷ்பவதி பையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள். ஸல்ஹா மூடியைத் தூக்கினாள். ஆவி குப்பென்று எழும்பியது. ரபீக்கா இறைச்சிக் கோப்பையை எடுத்து வரிசையாகப் பரிமாற வந்தாள். சட்டென்று இரண்டு கைகள் சோற்றை மூடின. ஒன்று குணேஸ்வரியின் கை. மற்றது புஷ்பவதியின் கை.

“நீயும் வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடமாட்டியா?”

“ஆமா. சாப்பிட்டா அம்மா அகப்பையாலேயே போடுவாங்க.”

“எங்கட அம்மாவும் அப்பிடித்தான்! அகப்பைதான்!”

இருவரும் சிரித்துவிட்டார்கள். குணேஸ்வரி கத்தரிக்காய்க் கறியைப் புஷ்பவதியின் பக்கம் தள்ளினாள்.

“அல்ஹம்துலில்லாஹ்!” என்றாள் ரபீக்கா. “ரெண்டு பேரிட இறைச்சியும் எனக்குத்தான்!”

கை கழுவும்போது குணேஸ்வரி கேட்டாள். “திங்கக்கிழமை வருவாய்தானே?”

புஷ்பவதி கையை உதறிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சனியும் ஞாயிறும் ஸல்ஹாவுக்கு நகரவே இல்லை.

திங்கட்கிழமை மணி அடித்தது. புஷ்பவதியின் வாங்கில் ஸல்ஹா, ரபீக்கா, குணேஸ்வரி, மற்ற இரண்டு பேர் என்று ஐந்து பேர் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். மைமூனா ரீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“இதென்ன கூத்து? சரி, புத்தகத்தைத் திறங்கோ.”

குணேஸ்வரி புத்தகத்தின் மேல் கையை வைத்து அமத்திக்கொண்டாள்.

“கொஞ்சம் பொறுங்கோ ரீச்சர். இன்னும் ஒரு ஆள் வர வேணும்.”

துறைமுகத்தில் கப்பல் ஊதியது. அந்தச் சத்தம் ஓய்ந்தபோது, பாலையூற்று பஸ்ஸிலிருந்து இறங்கி யாரோ மூச்சிரைக்க ஓடிவருவது கேட்டது.

ஐந்து பேரும் நகர்ந்து இடம் விட்டார்கள்.