ஃப்ரீசரடியில் எறும்புகள்

திங்கட்கிழமை காலை டாக்டர் சௌந்தரராஜன் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். கீழே டயர் கடை, மேலே தீர்த்தகிரியின் துப்பறியும் அலுவலகம். ஓசூரில் அவரைத் தேடி வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் மாப்பிள்ளையின் யோக்கியதை தெரிய வேண்டியிருக்கும். ஆராய்ச்சிக்கூடத் தலைவர் ஒருவரே வந்ததில் உதவியாளர் மேகலாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஜவளகிரி காட்டோர மாடுகளுக்கு வர்ற உண்ணிக் காய்ச்சலைப் பத்தி ஆராய்ச்சி பண்றோம். அதுக்காக எடுத்து உறைய வச்சிருந்த ரத்த மாதிரிங்க மொத்தமும் உருகிப் போச்சு," என்றார் டாக்டர். "டெக்னீஷியன் சத்யப்ரியா சனிக்கிழமை ஃப்ரீசர் கதவை மூடாமப் போயிட்டா. வேலையை விட்டு அனுப்பணும். ஆனா மூடினேன்னு அடிச்சுச் சொல்றா. வீண் பழி போட எனக்கு மனசில்லை."

"கதவு திறந்திருந்ததை யாருங்க பார்த்தது?"

"மேனேஜர் ஹரீஷ்குமார். நேத்து அவர் பொண்ணுக்குக் காதுகுத்து. மதியம் நாங்க எல்லாரும் மண்டபத்துல சாப்பிட்டோம். சாயந்திரம் கூடத்தை எட்டிப் பார்க்கப் போனவர்தான் மூடியிருக்கார்."

"விசேஷத்தன்னைக்குமா? கடமைன்னா இதுதான் சார்!" என்று மேகலா வியந்தாள். தீர்த்தகிரி செருப்பை மாட்டிக்கொண்டார்.

சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய அந்தக் கூடத்தின் வாசலில் சத்யப்ரியா நின்றிருந்தாள். சிங்காரப்பேட்டைப் பெண். கண் சிவந்திருந்தாலும் குரல் நடுங்கவில்லை.

"மூடிட்டுதாங்க போனன். ஒவ்வொரு மாட்டுக்கிட்டயும் உதை வாங்கி எடுத்த ரத்தம். திறந்து போட்டுட்டுப் போவனா?"

கூடத்துச் சாவி அவளிடமும் ஹரீஷ்குமாரிடமும் மட்டுமே இருந்தது. தீர்த்தகிரி ஃப்ரீசரைத் திறந்தார். தாங்கிகளில் சிறு ரத்தக் குப்பிகள் வரிசையாக நிமிர்ந்து நின்றன. உருகினால் சிவக்கும் வில்லை எல்லாத் தாங்கிகளிலும் சிவந்திருந்தது. உள்ளே இருந்ததெல்லாம் மறுபடி உறைந்து கல்லாகிவிட்டிருந்தது. ஒரு குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். உறைந்தது ஒரு பக்கச் சுவரோடு ஒட்டிச் சாய்ந்து கிடந்தது. இன்னொன்றும் அப்படியே.

"சார், இங்க பாருங்க, எறும்பு!" ஃப்ரீசரின் காலடியில் மேகலா குந்தியிருந்தாள். "ரத்தத்தைத் தேடியா இவ்வளவு எறும்பு வரும்?"

"நல்ல கேள்வி," என்றார் தீர்த்தகிரி. அன்று முழுவதற்கும் மேகலாவுக்கு அந்தப் பாராட்டு போதும்.

மேனேஜரையும் வரவழைத்து எல்லாரையும் உட்கார வைத்தார். "ஹரீஷ்குமார், நீங்க கதவை மூடினப்ப குப்பிங்க எப்படி இருந்துது?"

"நின்னபடிதாங்க இருந்துது. நான் கையே வைக்கல."

"நின்னபடி உருகி, நின்னபடியே மறுபடி உறைஞ்சா மேல்மட்டம் நேராதான் இருக்கும். இது படுத்தபடி உறைஞ்சிருக்கு. யாரோ குப்பிங்களை வெளிய எடுத்து ஒரு பெட்டியில படுக்கப் போட்டிருக்காங்க. அதுல உருகியிருக்கு. பெட்டியோட திரும்ப உள்ள வச்சு, உறைஞ்ச பிறகு நிமிர்த்தி நிறுத்தியிருக்காங்க. கதவைத் திறந்து போட்டா குப்பி தானா படுத்து எழுந்திருக்காதுங்க."

"எதுக்காக வெளிய எடுக்கணும்?" என்றார் டாக்டர்.

"உள்ள வேற ஒண்ணுக்கு இடம் வேணும். இனிப்பான ஒண்ணு. நமக்கு முன்னாடியே எறும்பு கண்டுபிடிச்சிருச்சு. டாக்டர், நேத்து விருந்துல ஐஸ்கிரீம் எப்படி?"

"பிரமாதம். நானே ரெண்டு கப்..." டாக்டரின் கை மெல்ல வயிற்றுக்குப் போனது.

மேகலா ஃப்ரீசரின் அடித்தட்டு மூலையை விரலால் துடைத்து நீட்டினாள். இளஞ்சிவப்பாகப் பிசுபிசுத்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவரின் முகம் வெளிறியது.

"மண்டபத்து ஃப்ரீசர் சனிக்கிழமை ராத்திரி புட்டுக்கிச்சு சார்," என்றார் ஹரீஷ்குமார். "குப்பியெல்லாம் ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில தாங்கும்னு நெனச்சன். தாங்கல. பயந்து போயி..."

"என் பேரைச் சொல்லிட்டீங்க," என்றாள் சத்யப்ரியா.

டாக்டர் எழுந்து அவளிடம் வந்தார். "தப்பு என் மேலதாம்மா. விசாரிக்காமலே உன்னை அனுப்பப் பார்த்தேன். இவரை என்ன செய்யலாம், நீயே சொல்லு."

அவள் ஹரீஷ்குமாரை நிதானமாகப் பார்த்தாள்.

"அது உங்க இஷ்டம் சார். ஆனா நாளைக்கு நான் ஜவளகிரிக்குப் போறன். எல்லா மாட்டுக்கிட்டயும் மறுபடி ரத்தம் எடுக்கணும். ஊசி குத்தறது நான். பின்னங்காலைப் பிடிக்கறது இவரு."