நடுக்கடலில் பிடித்த பூச்சியம்

கதிரியக்கத்தை அளக்கும் அயனிப்பெட்டி ஒன்பது என்று காட்டியதும் பிளமினாவின் வீட்டுக் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. அது போன ஆண்டு. பெட்டிக்குள் கதிர் புகுந்தால் அடைத்த வாயு உடைந்து மின்னோட்டம் பிறக்கும். அளவு ஐந்தைத் தாண்டினால், தான் இருக்கும் கட்டடம் ஆபத்து என்று பெட்டியே அதைப் பூட்டிவிடும்; அதுதான் சட்டம். இயற்கையாகவே கதிர் விடும் கடலோரக் கருமணலில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நானூறு குடும்பங்களை உள்நாட்டுத் தகரக் கொட்டகைகளுக்கு விரட்டினார்கள். அந்த வெக்கை தாங்காமல் அவள் கணவன் சிலுவையான் மே மாதமே செத்துப்போனான்.

இன்று பன்னிரண்டாவது மனுவோடு, கதிர் ஆணையர் சபாநாயகத்தின் கருங்கல் மண்டபத்தில் நின்றாள்.

"என் கையில என்னம்மா இருக்கு? வரம்பை மாத்த மனுஷனால முடியாது. பெட்டி பொய் சொல்லாது. இங்க பாரு, பூச்சியம்!"

அவருடைய பெட்டி சந்தனமும் குங்குமமுமாக ஜம்மென்று இருந்தது. தினமும் காலையில் அதற்குக் கற்பூரம் காட்டி, அங்கேயே வைத்துப் பூச்சியப் பொத்தானை அழுத்துவது அலுவலக வழக்கம். கருங்கல்லும் கதிர் விடும். அந்தக் கதிரையே பூச்சியம் என்று சொல்லிக்கொடுத்தால் பெட்டி வேறென்ன சொல்லும்? படித்த மடையர்கள்!

வீட்டைவிட்டு விரட்டியவர்கள் அந்த வீட்டுப் பெட்டியை மட்டும் பிளமினாவிடம் கொடுத்திருந்தார்கள். அதை மேசைமேல் வைத்தாள்.

"இது நடுக்கடல்ல பூச்சியம் பிடிச்சது சார். அடியில பத்துப் பனை ஆழத்துக்குத் தண்ணி. மண்ணுக்க கதிரு மேல வராது."

பெட்டியில் எண் ஏறியது. மூன்று. ஐந்து. ஏழு.

"கட்டடம் ஆபத்து. பத்து நிமிடத்தில் நிரந்தரமாகப் பூட்டப்படும்" என்றது பெட்டி.

சபாநாயகத்துக்கு வியர்த்துக் கொட்டியது. "யோவ், வரம்பைத் தூக்குய்யா!" என்று உதவியாளரிடம் கத்தினார்.

"எவ்வளவுக்கு சார்?"

"பத்துக்கு!"

ஒரே ஒரு பொத்தான். பெட்டி அடங்கியது. வரம்பு எல்லாக் கட்டடத்துக்கும் ஒன்றுதான் என்பதால் கடலோரத்து நானூறு கதவுகளும் அந்த நொடியே திறந்துகொண்டன. செய்தி மண்டபத்துத் திரையில் ஓடியது. பிளமினாவுக்கு மகிழ்ச்சி வரவில்லை. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"எனக்க மாப்பிள்ள தகரத்துக்கடியில வெந்து செத்தாரே. அண்ணைக்கு இந்தப் பொத்தான் எங்க சார் இருந்துது?"

சபாநாயகம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அது அவசரத்துக்கு மட்டும்தாம்மா."