மூன்றாவது குரல்

பனியில் சத்தம் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும் என்று வேதகிரிக்குத் தெரியும். ஆனால் பின்னால் வந்த மனைவி கனகா செருப்பு வார் அறுந்து நின்ற பிறகும், அவளுக்குப் பின்னால் ஓர் ஈரச் செருப்பு சளக் சளக்கென்று சில அடி நடந்து, அப்புறம்தான் நின்றது.

"இன்னாங்க அப்டிப் பாக்கறீங்க?"

"பின்னால யார்னா வராங்களா?"

"இந்தக் குளுர்ல யாரு வரப்போறா? பேஜார் பண்ணாம நடங்க."

உத்திரமேரூர் ஏரிக்கரையில் இன்னும் வெளுக்கவில்லை. மார்கழிப் பனி கரையின் இரண்டு பக்கத்தையும் விழுங்கியிருந்தது. ஈர வைக்கோல் வாடையும் ஏரிச் சேற்றின் வாடையும் மஃப்ளருக்குள் புகுந்தன, பெருமாள் கோயில் ஒலிபெருக்கி எங்கோ கரகரத்தது. காலமெல்லாம் பஸ் ஓட்டி இறுகிப்போன முட்டி. ரிட்டையர் ஆனபின் பனியோ மழையோ நடையை விடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

போன மார்கழியில் அவரோடு நடந்தவன் பாண்டுரங்கன், அவர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். ஒருநாள் விடியுமுன் எதற்கோ பின்தங்கினான். படித்துறைப் பக்கமிருந்து "வேதகிரி" என்று கூப்பிட்டான். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. இருட்டில் பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது குரலுக்குத்தான் திரும்ப வேண்டும், காத்து கருப்பு இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாது. இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். வேதகிரி மூன்றாவது குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டே நடந்தார். அது வரவே இல்லை. பகலில் வலை போட்டுத்தான் பாண்டுரங்கனை எடுத்தார்கள்.

"ஒரு கொரல்கூட குடுக்கலயாண்ணா?" என்று அவன் மனைவி புஷ்பா கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஒன்னும் கேக்கலம்மா."

கூப்பிட்டது பாண்டுரங்கன்தான் என்று முதல் குரலிலேயே அவருக்குத் தெரியும். பயம். வேறொன்றுமில்லை. அந்தப் பயத்தை நினைத்தால் இப்போதும் சோறு இறங்குவதில்லை. கனகாவிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை. தனியாக வர நெஞ்சு இல்லாமல், அவளுக்குச் சர்க்கரை என்று சாக்குச் சொல்லித்தான் கூட்டிவருகிறார்.

கனகா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். வெறுங்காலோடு நடந்தாள்.

ஆனாலும் சளக் சளக் சத்தம் மறுபடி கேட்டது.

வேதகிரியின் கால்கள் தாமாகவே வேகம் பிடித்தன. திரும்பவில்லை. சேற்று வாடை கூடியது. மூச்சில் மஃப்ளர் நனைந்தது. இன்னும் வேகம். ஒலிபெருக்கி எப்போது நின்றது? பின்னால் செருப்பும் இல்லை.

கனகாவின் காலடியும் இல்லை.

மறுபடியும் அதையே செய்துவிட்டோம் என்று உறைத்தது. அவளை விட்டுவிட்டு வந்துவிட்டார். பாவி. அவர் திரும்பி ஓடினார்.

படித்துறையில் பனி கொஞ்சம் விலகியிருந்தது. கனகா ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"வந்துக்கினுதான கீறேன். எத்தினி வாட்டி கூப்டுவீங்க?" என்றாள், தண்ணீரைப் பார்த்து.

"கனகா!" அவள் திரும்பவில்லை.

"கனகா!" தோள் மட்டும் ஒரு கணம் விறைத்தது. திரும்பவில்லை. பின்னாலிருந்து வரும் குரல். இருட்டு. அவளும் இந்த ஊர்க்காரிதான்.

இன்னொரு தடவை. ஒரே ஒரு தடவை. வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. படியில் இறங்கக் கால் எழும்பவில்லை.

"கனகா."

அவர் குரல்தான். தண்ணீருக்குள்ளிருந்து வந்தது.

அவள் அடுத்த படியில் கால் வைத்தாள். இடுப்பளவு நீரில் ஒருவன் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தான், மஃப்ளரிலிருந்து நீர் சொட்ட, வேதகிரியின் முகத்தோடு.