கங்காஸுக்கு அடுத்த நம்பர்

"அந்த கங்காஸ் மட்டும் என் கையில கிடைச்சான்னா..."

காபி மெஷினைப் பார்த்துத்தான் சொன்னாள் மார்கிட். ஆனால் பக்கத்தில் ஒருவன் கோப்பையோடு நின்றிருந்தான். குளிர்கோட்டைக் கழுத்து வரை இழுத்து மூடிய ஆள். பறந்து களைத்த முகம்.

"கிடைச்சா என்ன பண்ணுவீங்க?" என்றான்.

மினியாபொலிஸ் விமான நிலையத்தின் கீழ்த்தளம். விமானிகள் ஓய்வறை. மேலே ஜனவரிப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கிளம்ப வேண்டிய விமானங்கள் எல்லாம் இறக்கையில் படிந்த பனியைக் கழுவிக்கொள்ள வரிசையில் நின்றன. சோபாக்களில் சீருடைக்காரர்கள் தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கினார்கள். மார்கிட்டுக்கும் தூக்கம்தான். கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் எரிந்தது. இன்று காலை எந்த ஊரில் விழித்தோம் என்பதே யோசித்தால்தான் ஞாபகம் வந்தது.

அந்த நேரம் பார்த்தா அடுத்த மாத ஷெட்யூல் போனில் வர வேண்டும்?

"என்ன பண்ணுவேனா? உக்கார வச்சு ஒரே ஒரு கேள்வி கேப்பேன். உனக்கு எதுக்குய்யா புதன்கிழமைன்னு கேப்பேன்." காபியை ஒரு வாய் உறிஞ்சினாள். கசந்தது. "சீனியாரிட்டில எனக்கு ஒரு படி மேல அந்த ஆளு. ஒரே ஒரு படி! மாசாமாசம் கம்பெனி ரெடிமேடா ஷெட்யூல் போடுது, சீனியாரிட்டிப்படி ஒவ்வொருத்தரா எடுத்துக்கணும். எங்க வரிசை வர்றப்போ புதன்கிழமை பூரா லீவு வர்றது ஒண்ணுதான் மிஞ்சியிருக்கும். நான் கை நீட்டறதுக்குள்ள லபக்குனு எடுத்துக்கறான். வருஷக்கணக்கா இதே கதை."

"நேர்ல பாத்திருக்கீங்களா?"

"எங்க பாக்கறது? அவனும் துணை விமானி, நானும் துணை விமானி. ஒரே சீட்டு. அவன் ஏறின விமானத்துல எனக்கு இடம் கிடையாது. ஆனா எப்படி இருப்பான்னு தெரியும். தொந்தி. வழுக்கை. ஏரிக்கரையில பெரிய வீடு. புதன்கிழமையானா தூண்டிலைப் போட்டுட்டு பீர் குடிப்பான்."

அவன் தன்னை அறியாமல் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"தொந்தி... லேசா இருக்கு. ஒத்துக்கறேன். வழுக்கை இன்னும் ஆரம்பிக்கல. வீடு ஒரு பெட்ரூம் அபார்ட்மென்ட். ஜன்னலைத் திறந்தா ஏரி இல்லைங்க, டயர் கடை." கோட்டின் ஜிப்பை மெதுவாக இறக்கினான். "மீன் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது."

சட்டையில் பெயர் தொங்கியது. ரஸ் கங்காஸ்.

ஐயோ...

மார்கிட்டின் காது மடல் வரை சூடேறியது. நிமிர்ந்து பார்த்தாள். அவன் கண்கள்... பனி உருகத் தொடங்கும் ஏரியின் நிறம். சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். அந்தக் கண்கள் சிரித்துக்கொண்டிருந்தன. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அப்போ புதன்கிழமை என்னதான் பண்றீங்க?"

"ஐஸ் ஹாக்கி. நாப்பது தாண்டினவங்க ஆடற மத்தியான ஆட்டம். நான்தான் கோல் கீப்பர்."

"ஹாக்கி!" சிரிப்பு வரவில்லை அவளுக்கு. குரல் இறங்கிவிட்டது. "எனக்கு ஒரு தம்பி இருக்கான். ஆர்னி. பிறக்கும்போதே டவுன் சிண்ட்ரோம். செயின்ட் கிளவுட்ல ஒரு ஹோம்ல இருக்கான். புதன்கிழமைதான் அவங்களுக்கு நீச்சல் குளம். நான் வந்து கூட்டிட்டுப் போகணும். நான் வரலேன்னு முன்னாடியே சொல்லியிருந்தாலும் கோட்டை மாட்டிக்கிட்டு, நீச்சல் பையை மடியில வச்சிக்கிட்டு, வாசக்கதவுகிட்ட உக்காந்திருப்பான். சாயங்காலம் வரைக்கும்."

ரஸ்ஸின் கண்ணிலிருந்த சிரிப்பு அணைந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் விமானத்துக்கு அழைப்பு வந்துவிட்டது. பெட்டியை இழுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள் மார்கிட்.

வசந்தத்தில் கம்பெனி முறையை மாற்றியது. இனி ரெடிமேட் ஷெட்யூல் கிடையாது. யாருக்கு எந்த நாள் லீவு வேண்டும், எந்த ஊர் வேண்டும், எது ஆகவே ஆகாது என்று அவரவர் விருப்பத்தைக் கம்ப்யூட்டரில் சொல்ல வேண்டும். சீனியாரிட்டிப்படி ஒவ்வொருவராக எடுத்து, முடிந்ததை அது கொடுக்கும். ஓய்வறை முழுக்க ஒரே புலம்பல். பழைய முறையைத் திட்டித் தீர்த்தவர்களே இப்போது அதற்காகக் கண்ணீர் விட்டார்கள்.

மார்கிட் திரையை வெறித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து நாற்காலி நகர்ந்தது.

"முதல்ல என்ன போட்டிருக்கீங்க?" ரஸ்தான்.

"நல்ல ஓட்டல், சீக்கிரம் எழுப்பாத விமானம், புதன்கிழமை லீவு..."

"தூங்கறது முக்கியமா, தம்பி முக்கியமா?"

"தம்பிதான்!"

"அப்போ அதைக் கொண்டுபோய் மூணாவதா போட்டா? இதுக்கு மனசெல்லாம் கிடையாதுங்க. எதை முதல்ல சொல்றோமோ அதுதான் நமக்கு உசுருன்னு நினைச்சுக்கும்."

அவள் மாற்றினாள். அவன் எழுந்தான். போகிற போக்கில், "தூண்டில் போடற ஆளு சொன்னான்னு நம்பாம விட்டுடாதீங்க" என்றான்.

இந்த முறை அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த மாதம் எல்லாப் புதன்கிழமையும் அவளுக்கு வந்தது. அடுத்த மாதமும். அதற்கடுத்த மாதமும்! ஆர்னி தண்ணீரில் குதிக்கும்போது எழும் சத்தம் அவள் உடம்பு அலுப்பையெல்லாம் அடித்துக்கொண்டு போனது. குளித்து முடித்து ஈரத்தலையோடு கடையில் உட்கார்ந்து, பழம் வைத்துச் சுட்ட ஆப்பிள் பை சாப்பிடும்போது, புது முறையைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ரஸ்ஸும் அவளும் சந்தித்துக்கொண்டதெல்லாம் துண்டு துண்டாகத்தான். அவன் இறங்கும் வாசலில் அவள் ஏறுவாள். நடுவில் ஒரு காபி... ஒரு கால்மணிப் பேச்சு. புதன்கிழமைகளில் அவன் எங்கோ பறந்துகொண்டிருந்தான். கோடையில் ஆட்டம் இல்லை என்று சொல்லியிருந்தான். ஆனால் ஆப்பிள் பையைக் கொண்டுவந்து மேஜையில் வைக்கும் நேரத்துக்குச் சரியாகப் போன் வரும். ஆர்னிதான் பிடுங்கிக்கொள்வான்.

"ரஸ், வெளிய என்ன தெரியுது?"

"ஃபார்கோன்னு ஒரு ஊர்டா. ஒண்ணுமே தெரியல. தட்டையா இருக்கு."

"போன வாரமும் அதான் சொன்னே!"

"போன வாரமும் அதே ஃபார்கோதானே."

ஆர்னி மேஜையைத் தட்டிச் சிரிப்பான். மார்கிட் கோப்பைக்குள் சிரிப்பை ஒளித்துக்கொள்வாள். இது என்ன, இந்த வயதில்... நாற்பத்தொன்று முடிந்த பிறகு... என்று தன்னையே அதட்டிக்கொள்வாள். ஒரு கல்யாணம் பண்ணி, அது முடிந்தும் போய், இனி ஓட்டல் தலையணைதான் துணை என்று முடிவு பண்ணியாகிவிட்டது. அப்புறம் ஏன் போன் அடிக்கும்போதெல்லாம் நெஞ்சு துள்ளுகிறது?

அக்டோபரில் உடைந்தது அது.

பிஸ்மார்க் போகும் விமானம். இடப்பக்கம் கேப்டன் ஓலாண்டர், ஆள் கனமானவர், வாயும் கனம்தான்.

"ரஸ்ஸைப் பாத்தா சொல்லும்மா, புது கோல் கீப்பர் சுத்த சல்லடை. இந்த சீசன்ல ஒரு ஆட்டம் ஜெயிக்கல நாங்க."

"ரஸ்... ஆடறதில்லையா?"

"மார்ச் மாசத்துலேர்ந்தே வர்றதில்ல. கோடைல எங்களுக்கு உள்ளரங்கு ஆட்டம் உண்டு, அதுக்கும் வரல. புதன்கிழமை எனக்கு லீவே வேண்டாம்னு அவனே கம்ப்யூட்டர்ல போட்டுக்கறானாம். கிறுக்குப் பய. ஏன்டான்னா சிரிக்கறான்."

மார்கிட் கருவிகளைப் பார்த்தபடி இருந்தாள். உயரத்தைச் சரியாகப் படித்தாள். ரேடியோவுக்குச் சரியாகப் பதில் சொன்னாள். உள்ளே மட்டும் ஏதோ செங்குத்தாக விழுந்துகொண்டே இருந்தது.

கம்ப்யூட்டர் கொடுக்கவில்லை. அவன் கொடுத்திருக்கிறான்.

ஊழியர் பஸ் நிறுத்தத்தில் அவனைப் பிடித்தாள். குளிர்ந்த மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது.

"உங்களை யார் கேட்டா?"

அவனுக்குப் புரிந்துவிட்டது. "மார்கிட்..."

"என் சீனியாரிட்டி நம்பருக்கு என்ன வருதோ அதைத்தான் இத்தனை வருஷமா வாங்கிக்கிட்டேன். ஒருத்தர்கிட்டயும் கெஞ்சினதில்ல. தம்பியைக் காட்டி இரக்கம் சம்பாதிச்சதில்ல. நீங்க என்னடான்னா பிச்சை போட்டுட்டு, போன் பண்ணி ஃபார்கோ தட்டையா இருக்குன்னு வேற..."

"அது இரக்கம் இல்ல."

"பின்ன என்ன?"

அவன் இமையில் மழைத்துளி நின்றது. சொல்லப்போகிறான் என்று தோன்றியது. சொல்லவில்லை. பஸ் வந்தது. அவள் ஏறிவிட்டாள்.

நவம்பருக்கு அவள் புதன்கிழமையே கேட்கவில்லை. எடுத்துக்கட்டும், அவன் பொருளை அவனே எடுத்துக்கட்டும். அவன் பக்கம் என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அவள் கேட்பாள் என்று நம்பி அவனும் கேட்கவில்லை. இரண்டு பேர் வீறாப்பாகத் தள்ளிவிட்டது, கோல்பி என்ற புதுப் பையன் மடியில் போய் விழுந்தது.

"எந்தப் புண்ணியவான் விட்டுக்கொடுத்தாங்கன்னே தெரியல மேடம்," என்று அவளிடமே வந்து சொன்னான் அவன். "புதன்கிழமை மத்தியானம் வரைக்கும் போர்த்திக்கிட்டுத் தூங்கறேன்!"

அந்தப் புதனன்று அவள் சூ ஃபால்ஸில், ஒரு ஓட்டல் அறையில், ஷூவைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். ஹோமிலிருந்து போன். ஆர்னி கோட்டோடு உட்கார்ந்திருக்கிறான், மத்தியானம் சாப்பிடவில்லை என்றார்கள். போனை அவனிடம் கொடுக்கச் சொன்னாள்.

"மார்கி, நீ எப்ப வருவே?"

"இன்னிக்கு முடியாதுடா கண்ணா. என்னாலதான்... என் தப்புதான்."

"ரஸ் கூப்பிட்டான்," என்றான் ஆர்னி. "ஓமஹால மழையாம். மார்கி நல்லாத் தூங்கறாளான்னு கேட்டான். எனக்குத் தெரியலன்னு சொன்னேன். நீ நல்லாத் தூங்கறியா?"

போனை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். யாரிடம் வீம்பு காட்டினோம்? யார் வாசலில் உட்கார்ந்திருக்கிறான்?

டிசம்பரில் செய்தி வந்தது. ரஸ் கங்காஸ் கேப்டன் ஆகிறான். பயிற்சிக்குப் போய்விட்டான். அவன் சீனியாரிட்டிக்கு அது எப்போதோ கிடைத்திருக்கும். வேண்டாம் என்று ஒதுக்கி வைத்திருந்தான். துணை விமானிகளில் மேல்வரிசைக்காரனாக இருந்தவன், கேப்டன்களில் கடைசி ஆளாகப் போவதென்றால் சும்மாவா? ஞாயிறு கிடையாது, கிறிஸ்துமஸ் கிடையாது, போன் எப்போது அடித்தாலும் ஓட வேண்டும்.

அவன் போனதும் அவள் ஒரு படி ஏறினாள். ஜனவரியில் புதன்கிழமைகள் எல்லாம் வந்தன. அவளுடைய சொந்த நம்பருக்கு. சந்தோஷப்பட வேண்டியதுதானே? என்னைப் பார்க்கவே பிடிக்காமல் ஓடிவிட்டானோ என்றுதான் தோன்றியது.

அந்த மாதத்து ஒரு புதன்கிழமை. செயின்ட் கிளவுட்டில் அதே ஆப்பிள் பை கடை. ஆர்னியின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கதவு மணி ஒலித்தது. பனியை உதறிக்கொண்டு ரஸ் உள்ளே வந்தான். கோட்டுக்கடியில் சீருடை, கையில் போன்.

"நான்தான் வரச் சொன்னேன்," என்றான் ஆர்னி, வாய் நிறைய ஆப்பிள் பையோடு.

ரஸ் எதிரே உட்கார்ந்தான். கண்ணுக்கடியில் கருவளையம். இளைத்திருந்தான். தொந்தியைக் காணோம்.

"எதுக்கு இந்தக் கிறுக்குத்தனம்?" என்றாள் மார்கிட். "நல்லாத்தானே இருந்தீங்க? எதுக்குப் போய் அந்தக் கடைசி நம்பர்ல விழுந்தீங்க? அதுவும் எனக்காக விட்டுக்கொடுத்ததா?"

"இல்ல." போனை மேஜையில் கவிழ்த்து வைத்தான். "அன்னிக்கு பஸ் ஸ்டாப்புல சொல்ல வரல. இப்ப சொல்றேன். நானும் துணை விமானி, நீங்களும் துணை விமானின்னா, ரிட்டயர் ஆகற வரைக்கும் நீங்க ஒரு விமானத்துல, நான் ஒரு விமானத்துல. வாசல்ல ஒரு காபி, அவ்வளவுதான். கேப்டனானா என்னிக்காவது ஒரு நாள்... உங்க பக்கத்துல உக்காரலாம் இல்ல? இது இரக்கம் இல்ல மார்கிட். ஆசை. சுத்தமான சுயநலம்."

வெளியே பனி சத்தமில்லாமல் இறங்கியது. அவள் முள்கரண்டியை எடுத்தாள், வைத்தாள்.

"அந்தக் கம்ப்யூட்டர்ல, யார்கூடப் பறக்கணும்னு பேரு போடலாம். தெரியுமா?"

"தெரியும். யார்கூடப் பறக்கவே மாட்டேன்னுதான் எல்லாரும் போடுவாங்க. ஓலாண்டர் பேருதான் அதிகமா விழும்."

"பிப்ரவரிக்கு நான் போட்டுட்டேன். போன வாரமே." நிமிர்ந்து அவன் கண்களைப் பார்த்தாள். "முதல் விருப்பம் புதன்கிழமை லீவு. அது ஆர்னியோடது. அதை யாருக்காகவும் மாத்த மாட்டேன். ரெண்டாவது..."

"ரெண்டாவது?"

"நீ."

அந்த ஒற்றை எழுத்தைக் கேட்டு அவன் முன்னால் சாய்ந்தான்.

"ரெண்டாவதா?" என்றான் மெதுவாக.

"பொய் சொல்ல வராது எனக்கு. ரெண்டாவதுதான்."

"ரெண்டாவதாக்கூட என்னை யாரும் இதுவரைக்கும் போட்டதில்ல." கண் நிறைந்து சிரித்தான் ரஸ். "போதும் மார்கிட். தாராளமாப் போதும்."

போன் அதிர்ந்தது. பார்த்தான். துலூத் விமானத்துக்குக் கேப்டன் இல்லையாம், உடனே வர வேண்டுமாம். பெருமூச்சோடு எழுந்தான். மேஜைக்கு மேலாக நீண்ட அவள் கை அவன் கோட்டுக் கையைப் பிடித்திருந்தது.

"பனி ஜாஸ்தியா இருக்கு. பாத்து ஓட்டு. இறங்கினதும் கூப்பிடு."

"சரி." கையைப் பார்த்தான். "நீ விட்டாத்தானே நான் போக முடியும்?"

"தெரியும்," என்றாள். விடவில்லை.