துண்டுக்கடியில் ஒரு கை

"ஏ அண்ணாச்சி! கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?"

அர்ஃபா போட்ட சத்தத்தில் களத்து மிளகாய் வத்தலே திடுக்கிட்டிருக்கும். விளாத்திகுளம் கரிசலில் காயப்போட்ட சிவப்புக்கு நடுவே, பைனாகுலரும் கையுமாக நின்றிருந்தான் அவன். காலடியில் வத்தல் நொறுங்கியது.

"மன்னிச்சுக்கங்க... பூனைப்பருந்து பறந்துது. அதையே பார்த்துட்டு..."

"அம்புட்டுத் தொலைவுல பருந்து தெரியுது, கால் கீழ வத்தல் தெரியலியாக்கும்?"

சிரித்தான். ஆனால் அந்தக் கண்களில் ஏதோ ஒன்று சட்டென்று அணைந்தது... சாக்கைப் பிரிக்காமலே சரக்கின் தரம் சொல்கிற வியாபாரி மகள் அவள். அந்தக் கண்கள் மட்டும் பிடிபடவில்லை.

பெயர் ஆசிம். பழவேற்காட்டுக்காரன். பறவைகளைத் தேடி ரயிலேறி, கோவில்பட்டியில் இறங்கி வந்தவன். மிதித்ததற்குத் தண்டனையாக வத்தல் கிளறினான். திடீரென்று மாசிமாதத்து மழை! ஆளுக்கொரு முனையாகப் படுதாவை இழுத்து மூடியபோது, அவள் இமையில் ஒரு துளி... அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன, இங்கயும் பருந்தா?"

"இல்ல... பூநாரை."

ஊருக்குக் கிளம்ப வேண்டியவன் கிளம்பவில்லை. அவள் அத்தா குலாம் ரசூலின் கமிஷன் கடையில் உட்கார்ந்து, துண்டுக்கடியில் விரல் பிடித்து அவர் விலை பேசுவதை வேடிக்கை பார்த்தான். விரலைத் தட்டிவிட்டால் பேரம் இல்லை. முழுக்கையையும் பிடித்தால் முடிந்தது. வாயே திறக்க மாட்டார்கள்.

அத்தாவுக்கு ஆளைப் பிடித்துப்போனது. பூநாரை காட்ட லோடு ஆட்டோவில் இருவரையும் வைப்பாறு முகத்துவாரத்துக்குக் கூட்டிப்போனவர், உப்புக்காற்றில் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, எம்மவளக் கட்டிக்கிடுதீயளா?"

அர்ஃபா சட்டென்று அவன் முகத்தைப் பார்த்தாள்.

"வேண்டாங்க..." தலை குனிந்தான் ஆசிம்.

அத்தா ஆட்டோப் பக்கம் நகர்ந்தார். அர்ஃபாவுக்குக் காது கொதித்தது. "சரக்கு பிடிக்கலன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா? எதுக்கு இத்தன நாளா கடை வாசல்ல உக்காந்தீய?"

"அர்ஃபா... என் பார்வை ஓரத்துலேருந்து போய்க்கிட்டிருக்கு. இப்ப நடுவுல ஒரு சின்ன வட்டம்தான். அதுவும் மூடிடும், வைத்தியம் இல்லன்னுட்டாங்க. அதுக்குள்ள பார்க்க முடிஞ்ச பறவையை எல்லாம் பார்த்துடலாம்னு வந்தேன். உன்னைப் பார்ப்பேன்னு... நினைக்கலை."

கண்ணு பொடதியிலயா... தன் வாயே தன்னைக் கடித்தது. துடைக்கத் துடைக்கக் கண் எரிந்தது. வத்தல் அள்ளிய கை அல்லவா!

விறுவிறுவென்று போய் அத்தாவின் தோள் துண்டை உருவிக்கொண்டு வந்தாள். தன் கைமேல் போட்டு, நீட்டினாள்.

"பிடிங்க. இதுக்குக் கண்ணு வேண்டாம்."

"நஷ்ட வியாபாரம், அர்ஃபா."

"அத வாங்குதவ சொல்லணும். வேண்டாம்னா வெரலத் தட்டிவிடுங்க... போயிருதேன்."

துண்டுக்கடியில் வந்தது ஒரு விரல். விலகியது. மறுபடி வந்தது... பிறகு அவள் கை முழுவதும் அவன் பிடிக்குள்.

ஆட்டோவருகே அத்தா கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போதுதான் பூநாரைக் கூட்டம் மொத்தமாக எழும்பியது. இளஞ்சிவப்பாய்... வானமே கிழிந்த மாதிரி.

"ஐயோ, பாருங்க! பறக்குது!"

அவன் திரும்பவில்லை. மிச்சமிருந்த வட்டத்துக்குள் அவள் முகத்தைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"அதை நீ சொல்லு, கேட்டுக்கிறேன். எனக்கு உன்மேலதான் ஆசை, அர்ஃபா... உன்னைப் பார்த்துக்கிறேன். இருக்கிற வரைக்கும்."